ஏரிக்கும் மலைவிளிம்புக்கும் நடுவே

ரொறன்ரோ நகரின் நடுப்பகுதியில் உள்ள ஓர் உணவகத்தில் வைன் பரிமாறுவது என் வேலை. வைன் பட்டியலை எழுதுவது, போத்தல்களை வாங்குவது, நிலவறையில் அடுக்கிக் கணக்கு வைப்பது, மாலையானால் மேசைக்கு மேசை போய் இன்ன சாப்பாட்டுக்கு இன்ன வைன் பொருந்தும் என்று சொல்வது எல்லாம் அதற்குள் அடக்கம். தொண்ணூறுகளின் நடுவில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்திறங்கிய எங்கள் பெடியள் பலரையும் போல நானும் குசினியில்தான் தொடங்கினேன். முதலில் கோப்பை கழுவினேன். பிறகு சலாட் வெட்டினேன். பிறகு அடுப்படிக்குப் போனேன். அந்தக் காலத்தில் ரொறன்ரோவின் பெயர்பெற்ற உணவகங்கள் பலவற்றின் குசினிக்குள் நுழைந்தால் தமிழ்தான் கேட்கும். கதவுக்கு அப்பால், மேசைகள் இருக்கும் பக்கம், நான் வேலை செய்த இடங்களில் தமிழர் எவரும் இருந்ததில்லை. நான் அந்தக் கதவைத் தாண்டியது நயாகராவில் விளைந்த ரீஸ்லிங் என்ற வெள்ளை வைன் ஒன்றினால்.

எங்கள் உணவகத்தில் வைனுக்குப் பொறுப்பாக இருந்த பெண்மணிக்கு ஒரு நல்ல வழக்கம் இருந்தது. இரவு கடை மூடும் நேரத்தில் போத்தல்களில் மிஞ்சியதைக் குசினிக்காரர்களுக்கும் ஆளுக்கொரு வாய் ஊற்றிக் கொடுப்பார். உடனே குடிக்க விடமாட்டார். முதலில் மணந்து பார்த்து, என்ன மணக்கிறது என்று ஆளாளுக்குச் சொல்லவேண்டும். அன்று அவர் ஊற்றியது பல வருடம் கிடந்த ஒரு ரீஸ்லிங். ஒருவர் எலுமிச்சை என்றார், இன்னொருவர் தேன் என்றார். எனக்கு முதல் மூச்சிலேயே மண்ணெண்ணெய் மணத்தது. யாழ்ப்பாணத்துக்கு மண்ணெண்ணெய் வருவது தடைப்பட்டிருந்த காலத்தில் படித்தவன் நான். ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் பஞ்சு, அதில் ஊறிய சில துளி எண்ணெய், ஒரு நூல் திரி. அந்த வெளிச்சத்தில்தான் எங்கள் வயதுப் பிள்ளைகள் சோதனைக்குப் படித்தார்கள். அந்த மணத்தை நான் எங்கே கண்டாலும் அறிவேன். தயக்கத்தோடு சொன்னேன். அவர் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, நல்ல முதிர்ந்த ரீஸ்லிங்கின் அடையாளமே அதுதான் என்றார்.

அந்த மணத்துக்குக் காரணமான பொருளை ரி.டி.என். என்று சுருக்கிச் சொல்வார்கள். பழத்தில் வெயில் நன்றாகப் பட்டால் அதற்கான மூலப்பொருள்கள் கூடும். வைன் போத்தலில் கிடக்கக் கிடக்க அவை மெல்ல மாறி மண்ணெண்ணெய் மணமாக வெளிப்படும். இளம் ரீஸ்லிங்கில் தேசிக்காய்த் தோல், பச்சை அப்பிள், ஈரக் கல் ஆகியவற்றின் மணம்தான் முன்னுக்கு நிற்கும். ஏழெட்டு வருடம் போனால் அதே வைன் வேறு ஆள். இதையெல்லாம் பின்னர் வகுப்புகளில் படித்தேன். ஆனால் அன்று இரவு ஒன்று விளங்கிவிட்டது. வைனை அறிய வேண்டியது மூக்கு. அந்த மூக்கு எந்த ஊரில் வளர்ந்திருந்தாலும் அதற்குள் போதிய சரக்கு இருக்கும்.

அந்தப் போத்தல் எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். "இங்கேதான், ஒரு மணித்தியால ஓட்டம்" என்றார். அதன் பிறகு நான் வேறு எந்த நாட்டு வைனையும் இந்த அளவுக்குப் பின்தொடரவில்லை. பிரான்சும் இத்தாலியும் தொழிலுக்காகப் படித்தேன். நயாகராவை வருடத்துக்கு வருடம் போய்ப் பார்த்து, குடித்து, அந்தத் தோட்டக்காரர்களோடு கதைத்து அறிந்தேன். ஒரு வைன் நிலத்தை அறிய இதைவிட வேறு வழி இருப்பதாக நான் நினைக்கவில்லை. பக்கத்தில் இருக்கும் ஒன்றைப் பிடித்துக்கொண்டு, அதன் நல்ல வருடத்தையும் கெட்ட வருடத்தையும் கூடவே இருந்து பார்க்கவேண்டும்.

இடத்தைச் சொல்கிறேன். ஒன்ராரியோ ஏரியின் தென்கரையில் கிரிம்ஸ்பியிலிருந்து கிழக்கே நயாகரா ஆறு வரை நீளும் ஒடுங்கிய நிலம் அது. வடக்கே ஏரி. தெற்கே சுவர் போல எழும் மலைவிளிம்பு. நயாகரா நீர்வீழ்ச்சி பிறந்ததும் இதே விளிம்பில்தான். 1990இல் யுனெஸ்கோ இதை உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்தது. விளிம்புக்குக் கீழே நிலம் படிப்படியாக ஏரியை நோக்கி இறங்குகிறது. அந்தப் படிகளை இங்குள்ளோர் பெஞ்ச் என்பார்கள். பீம்ஸ்வில் பெஞ்ச், ட்வென்ரி மைல் பெஞ்ச், சென்ட் டேவிட்ஸ் பெஞ்ச் என்று போத்தலில் எழுதியிருப்பது இதைத்தான். 2005இல் நயாகராவை இப்படிப் பத்துத் துணைப் பிரிவுகளாக வகுத்தார்கள். பெஞ்சில் சுண்ணாம்புக்கல் கலந்த களிமண். ஏரிக்கரைச் சமவெளியில் வெப்பம் கூட, மண்ணும் வேறு. என் நாக்குக்கு ரீஸ்லிங் என்றால் பெஞ்ச்தான். ஏரிக்கரைப் பக்கத்து ரீஸ்லிங் பழச்சுவையாக, இதமாக இருக்கும். பெஞ்சில் விளைந்ததில் ஒரு கூர்மை இருக்கும், விழுங்கிய பிறகும் வாய் ஊறிக்கொண்டே இருக்கும்.

இந்தக் குளிர்நாட்டில் இந்தத் துண்டு நிலத்தில் முந்திரிகை பிழைப்பதற்குக் காரணம் ஏரி. (யாழ்ப்பாணத்தில் திராட்சையை முந்திரிகை என்றுதான் சொல்வோம், எனக்கு வேறு சொல் வாயில் வராது.) ஏரியின் சராசரி ஆழம் 86 மீற்றர். அவ்வளவு தண்ணீர் கோடையில் வாங்கிய சூட்டைக் குளிர்காலம் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொண்டிருக்கும். ஏரியிலிருந்து வரும் காற்று மலைவிளிம்பில் மோதி மேலே எழுந்து, திரும்பவும் ஏரிப்பக்கம் போகும். அந்தச் சுற்றோட்டம் நிலத்தில் குளிர் தேங்கவிடாது. இளவேனிலில் ஏரி இன்னும் குளிர்ந்து கிடப்பதால் கொடிகள் பிந்தித்தான் துளிர்க்கும். கடைசி உறைபனி போனபின் துளிர்ப்பது கொடிக்கு நல்லது. இலையுதிர்காலத்தில் ஏரி சூட்டை வைத்திருப்பதால் பழம் முற்ற இன்னும் சில கிழமைகள் கிடைக்கும்.

ஆனாலும் குளிர் குளிர்தான். நயாகராவை விளங்கவேண்டும் என்றால் சனவரியில் போகவேண்டும் என்பது என் அனுபவம். சுற்றுலாக்காரர் இல்லாத நேரம். தோட்டக்காரருக்கும் நின்று கதைக்க நேரம் இருக்கும். பீம்ஸ்வில் பக்கத்தில் எனக்குப் பழக்கமான ஒரு தோட்டக்காரர் கடுங்குளிர் வந்துபோன சில நாட்களில் தோட்டத்துக்குள் நடந்து, இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சில கொடித்தண்டுகளை வெட்டி எடுத்துக்கொண்டு கொட்டகைக்குள் வருவார். அவற்றைச் சூட்டில் வைத்து, பிறகு ஒவ்வொரு முகையையும் சவர அலகால் குறுக்கே சீவுவார். ஒரு முகைக்குள் மூன்று குருத்துகள் இருக்கும். நடுவில் இருப்பது முதன்மைக் குருத்து. அதில்தான் நிறையக் காய் பிடிக்கும். அது செத்தால் பக்கத்தில் இருப்பது முளைக்கும், ஆனால் காய் குறைவு. மூன்றாவதில் பெரும்பாலும் இலைதான். சீவிய இடம் இளம்பச்சையாக இருந்தால் உயிர் இருக்கிறது. மண்ணிறமாக இருந்தால் போய்விட்டது. மேசையில் ஒரு பக்கம் பச்சை, ஒரு பக்கம் மண்ணிறம் என்று பிரித்து எண்ணுவார். நூற்றுக்கு இத்தனை செத்தது என்று தெரிந்தபின்தான் கவாத்துக்குக் கத்தரிக்கோலை எடுப்பார். நிறையச் செத்திருந்தால் வழமையைவிடக் கூட முகைகளை விட்டு வெட்டுவார். அந்த வருடம் எத்தனை போத்தல் வரும் என்பது அந்தக் கொட்டகை மேசையிலேயே பாதி தெரிந்துவிடும்.

எங்கள் ஊரில் பந்தல் போட்டு முந்திரிகை வளர்க்கிற கோண்டாவில், உரும்பிராய்ப் பக்கத்துத் தோட்டங்களைப் பார்த்து வளர்ந்தவனுக்கு இது புதுசு. அங்கே கொடிக்கு உறக்கம் கிடையாது. கவாத்துப் பண்ணினால் நாலு மாதத்துக்குள் பழம். தோலகட்டி ஆச்சிரமத்துத் துறவிகள் செய்து விற்கும் முந்திரிகை ரசமும் நெல்லி ரசமும் யாழ்ப்பாணம் முழுக்கத் தெரிந்தவை. அங்கே கொடி அஞ்சுவது மழைக்கும் பூஞ்சணத்துக்கும். இங்கே ஒரே ஒரு இரவு போதும். வெப்பநிலை மைனஸ் 20, 22 என்று இறங்கினால் மெர்லோ, சோவின்யோன் பிளாங்க், சிரா போன்ற மென்மையான இனங்களின் முகைகள் சாகத் தொடங்கும். அப்படிப்பட்ட இரவுகளில் தோட்டங்களில் உயரமான கம்பத்தில் பொருத்திய பெரிய காற்றாடிகளைச் சுழல விடுவார்கள். நிலத்தோடு ஒட்டிக் குளிர்ந்த காற்றும், அதற்கு மேலே கொஞ்சம் சூடாக நிற்கும் காற்றும் கலந்துவிடும். இரண்டு மூன்று பாகை கூடினாலே கொடி தப்பும். அந்தக் காற்றாடிகளின் இரைச்சல் ஹெலிகொப்ரர் இரைச்சல். யாழ்ப்பாணத்துக்காரருக்கு அதை முதல் தடவை இருட்டில் கேட்பது இலேசான காரியமில்லை. எப்போது சுழல விடுவது என்று தெரிந்துகொள்ள புரொக் பல்கலைக்கழகத்தின் குளிர்நில முந்திரிகை ஆய்வு நிறுவனம் குளிர்காலம் முழுக்க முகைகளைச் சோதித்து, எந்த இனம் எத்தனை பாகை வரை தாங்கும் என்று தோட்டக்காரர்களுக்கு அறிவித்துக்கொண்டே இருக்கிறது.

2014, 2015 இரண்டு குளிர்காலமும் அடுத்தடுத்துக் கொடுத்த அடியை இங்கே எவரும் மறக்கவில்லை. 2022 சனவரியும் அப்படித்தான். அந்த வருட விளைச்சல் பெரிதாக விழுந்தது. மென்மையான இனங்களைப் பிடுங்கிவிட்டு வேறு நட்டவர்கள் இருக்கிறார்கள். ரீஸ்லிங்கும், கபர்னே பிராங் என்ற செவ்வைன் இனமும் அதிகம் தாக்குப்பிடித்தன. நயாகராவில் எந்த இனம் நிற்கவேண்டும் என்பதை விளம்பரமோ வாடிக்கையாளரோ தீர்மானிக்கவில்லை, குளிர்தான் தீர்மானித்தது. அது தெரிந்தால் எந்தப் போத்தலை வாங்குவது என்ற குழப்பத்தில் பாதி தீர்ந்துவிடும்.

இங்கே நல்ல வைன் தொடங்கி அரை நூற்றாண்டுதான் ஆகிறது. அதற்கு முன்னர் கொன்கோட், நயாகரா போன்ற வட அமெரிக்க இனப் பழங்களில் இனிப்பு வைன் செய்தார்கள். எழுபதுகளில் கனடா முழுக்க ஓடிய பேபி டக் என்ற நுரை வைனை வயதான வாடிக்கையாளர்கள் இப்போதும் நினைவு வைத்திருக்கிறார்கள். 1975இல் கார்ல் கைசர், டொனால்ட் சிரால்டோ இருவரும் இனிஸ்கிலின் வைனரிக்கு உரிமம் வாங்கினார்கள். 1929க்குப் பிறகு ஒன்ராரியோ கொடுத்த முதல் உரிமம் அது. 1978இல் பெனக்கெற்றி குடும்பம் பீம்ஸ்வில் பெஞ்சில் கேவ் ஸ்பிரிங் தோட்டத்தில் ரீஸ்லிங் நட்டது. அடுத்த வருடம் ஜேர்மனியின் மோசெல் பள்ளத்தாக்கிலிருந்து ஹேர்மன் வைஸ் என்பவர் தன் நாற்றுப்பண்ணையின் ரீஸ்லிங் கன்றுகளைக் கொண்டுவந்து வைன்லண்டில் நட்டார். தன் கன்று இந்தக் குளிரிலும் பிழைக்கும் என்று காட்டுவது அவருடைய நோக்கம். பிழைத்தது. வைஸ் 21 என்ற அந்த வகை இன்று நயாகரா முழுக்க நிற்கிறது.

1989இல் அமெரிக்காவோடு தடையற்ற வணிக உடன்படிக்கை நடைமுறைக்கு வந்தபோது கலிபோர்னிய வைன் வந்து நயாகராத் தோட்டக்காரர்களை அழித்துவிடும் என்று எல்லோரும் பயந்தார்கள். பழைய கொடிகளைப் பிடுங்குவதற்கு அரசு பணம் கொடுத்தது. நின்றவர்கள் ஐரோப்பிய இனங்களை நட்டார்கள். அதற்குக் கொஞ்சம் முன்னர், 1988இல், வி.கியூ.ஏ. என்ற தர முத்திரையை வைனரிகள் தாமாகவே கூடி ஏற்படுத்தின. 1999இல் அது ஒன்ராரியோச் சட்டமாயிற்று. இந்த மூன்றெழுத்தை வாசகர் மனதில் வைத்திருக்கவேண்டும். கடையில் கனடாப் பெயரும் கனடாப் படமும் போட்ட போத்தல்கள் பல வெளிநாட்டு வைனும் உள்ளூர் வைனும் கலந்தவை. அவற்றைக் குடிப்பதில் பிழையில்லை, ஆனால் அவற்றை வைத்து நயாகராவை மதிப்பிடக்கூடாது. வி.கியூ.ஏ. என்று இருந்தால் உள்ளே இருப்பது முழுக்க ஒன்ராரியோப் பழம், தேர்ந்தவர்கள் சுவைத்துப் பார்த்து அனுமதி கொடுத்த வைன். அதோடு பெஞ்சின் பெயரோ தோட்டத்தின் பெயரோ எழுதியிருந்தால் நான் முதலில் அதைத்தான் கையில் எடுப்பேன்.

நான் மேசைப் பக்கம் வந்த தொடக்க காலத்தில் 2001 அறுவடையின் போத்தல்கள் சந்தையில் இருந்தன. அந்த வருடம் ஆசியப் பொறிவண்டுகள் தோட்டங்களில் பெருகின. சோயா வெட்டி முடிந்ததும் அவை கூட்டமாக வந்து முந்திரிகைக் குலைகளுக்குள் புகுந்துவிடும். பழத்தோடு சேர்ந்து நசுங்கினால், அல்லது பயந்து தம் உடலிலிருந்து ஒரு திரவத்தை விட்டால் போதும், மிகச் சிறிய அளவே வைனைக் கெடுத்துவிடும். பழைய கச்சானும் கறிமிளகாயும் சேர்ந்த மணம் அது. வெள்ளை வைனில் இன்னும் துலக்கமாகத் தெரியும். சில வைனரிகள் அந்த வருட வைன் சிலவற்றை விற்காமலே விட்டன. அதன் பிறகு குலைகளை உதறிப் பார்த்துத்தான் பறிக்கிறார்கள், தரம்பிரிக்கும் மேசையில் பூச்சிகளை நீக்குகிறார்கள். நட்டத்தை ஏற்றுக்கொண்டு விற்காமல் விட்டவர்கள் மேல் எனக்கு அன்று வந்த மரியாதை இன்றும் இருக்கிறது.

வருடங்களைப் பின்தொடர்வது எப்படி என்று என்னிடம் வேலை பழகும் இளம் பிள்ளைகள் கேட்பார்கள். ஒரே தோட்டத்தின் ஒரே வைனை வருடாவருடம் வாங்கி வைக்கவேண்டும். இரண்டு மூன்று போத்தல் போதும். குளிர்ந்த, இருட்டான இடத்தில் படுக்கவைத்து, சில வருடம் கழித்து வரிசையாக ஊற்றிப் பார்க்கவேண்டும். 2007 சூடான, வறண்ட வருடம். அந்த வருடத்துக் கபர்னே பிராங்கில் கறுத்த பழமும் புகையிலையும் மணக்கும். 2009 குளிர்ந்த வருடம். அதே தோட்டத்து அதே இனத்தில் கறிமிளகாயும் இலையும் முன்னுக்கு வரும், உடல் மெலிந்திருக்கும். ஆனால் அந்த 2009 ரீஸ்லிங்குக்கு நல்ல வருடம், புளிப்பு அவ்வளவு துப்புரவு. 2010, 2012, 2016, 2020 எல்லாம் செவ்வைனுக்குக் கொண்டாட்டமான வருடங்கள். 2017இல் கோடை முழுக்க மழையும் குளிருமாகப் போய், எல்லோரும் கைவிட்ட நேரத்தில் செப்ரெம்பர் வெயில் வந்து காப்பாற்றியது. அந்த வருடத்து வைனைக் குடிக்கும்போது தோட்டக்காரர்களின் முகம் எனக்கு நினைவு வரும். கிளாஸைப் பார்த்து நல்ல வருடம், கெட்ட வருடம் என்று ஒரு சொல்லில் தீர்ப்புச் சொல்கிறவர்களை நான் நம்புவதில்லை. எந்த இனத்துக்கு நல்லது என்று கேட்கவேண்டும்.

கபர்னே பிராங்கைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லவேண்டும். பல காலம் இதை கபர்னே சோவின்யோனோடு கலக்கிற துணைப்பழமாகத்தான் வைத்திருந்தார்கள். கபர்னே சோவின்யோன் இங்கே பல வருடங்களில் முழுதாகப் பழுப்பதில்லை, வாயை இறுக்கும். கபர்னே பிராங் அதைவிட முந்திப் பழுத்துவிடும், குளிரையும் தாங்கும். தோட்டக்காரர்கள் விளைச்சலைக் குறைத்து, குலையைச் சுற்றியுள்ள இலைகளைக் கிள்ளி வெயில் படவிட்டபின் அந்தக் கறிமிளகாய் மணம் அடங்கி, ராஸ்பெரியும் ஈரமண்ணும் வெளிப்பட்டன. நயாகராவின் செவ்வைனில் எதைத் தெரிவது என்று கேட்டால் நான் தயங்காமல் இதைத்தான் சொல்வேன். இதற்கு அடுத்தது கமே. கொஞ்சம் குளிரவைத்துக் குடிக்கவேண்டிய இலேசான செவ்வைன். விலையும் குறைவு. ஷற்ரோ டி ஷாம் வைனரியின் போல் பொஸ்க் தன் தோட்டத்தில் நிமிர்ந்து வளரும் ஒரு தனிக் கமேக் கொடியைக் கண்டு பெருக்கி, கமே துருவா என்று பெயரிட்டார். நயாகராவிலேயே பிறந்த வகை என்று பெருமையோடு சொல்லக்கூடியது அது. ஷார்டனேயும் பினோ நுவாரும் நன்றாக வருகின்றன. ஆனால் நல்லவை விலை கூட.

இனி எங்கள் சாப்பாடு. வைன் என்றாலே கடும் செவ்வைன்தான் பெரிது என்ற எண்ணம் எங்கள் சனத்திடம் இருக்கிறது. உறைப்புக் கறிக்கு அது பொருந்தாது. அதன் துவர்ப்பும் மதுச்சாரமும் மிளகாய்த் தூளின் எரிவை இன்னும் கூட்டும். ஸ்கார்பரோவில் ஒரு நண்பர் வீட்டில் ஒருநாள் புட்டும் நண்டுக்கறியும். மேசையில் விஸ்கி நின்றது. நான் பெஞ்சில் விளைந்த அரை இனிப்பு ரீஸ்லிங் இரண்டு போத்தல் கொண்டுபோயிருந்தேன். நண்பரின் தமையன் போத்தலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தம்பி, உது வெள்ளையெல்லே. பொம்பிளையள் குடிக்கிறதுதானே?"

"அண்ணை, ஒரு வாய் கறி சாப்பிடுங்கோ. பிறகு உதில ஒரு மிடறு. பிறகு சொல்லுங்கோ."

நண்டுக் காலைக் கடித்துச் சூப்பினார், வைனை ஒரு மிடறு குடித்தார், திரும்பவும் நண்டைக் கையில் எடுத்தார். ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரத்தில் கிளாஸை என் பக்கம் நீட்டினார். வைனில் இருந்த கொஞ்ச இனிப்பு உறைப்பைத் தணிக்கும். புளிப்பு தேங்காய்ப் பாலின் கொழுப்பை வெட்டும். பத்துப் பதினொரு வீதம்தான் மதுச்சாரம் என்பதால் வாய் எரியாது. கூனி இறால் சம்பலுக்கும் மீன் பொரியலுக்கும் முழுக்க இனிப்பற்ற ரீஸ்லிங் சரி. ஆட்டிறைச்சிப் பிரட்டலுக்குக் குளிரவைத்த கமே. எந்தப் பெரிய உணவகத்திலும் இதைவிடப் பொருத்தமான சேர்க்கையை நான் பரிமாறியதில்லை.

ஐஸ்வைனைச் சொல்லாமல் விட்டால் கோபிப்பார்கள். 1984இல் கார்ல் கைசர் இங்கே அதைச் செய்தார். அதற்கு முந்திய வருடம் கொடியில் விட்ட பழங்களைப் பறவைகள் தின்றுவிட்டன. இனிஸ்கிலினின் 1989 விடால் இன ஐஸ்வைன் 1991இல் போர்தோவில் நடந்த வினெக்ஸ்போவில் உயர்ந்த விருதை வென்றது. நயாகராவை உலகம் திரும்பிப் பார்த்தது அப்போதுதான். பழம் கொடியிலேயே மைனஸ் 8 பாகையில் அல்லது அதற்குக் கீழே உறையவேண்டும், உறைந்தபடியே பிழியவேண்டும். தண்ணீர் பனிக்கட்டியாகப் பிழிகருவியிலேயே நின்றுவிட, பாகு போன்ற சாறு சொட்டும். அதன் இனிப்பு பிரிக்ஸ் அளவில் 35க்குக் குறையக்கூடாது. வழமையாக வரும் சாற்றில் சிறு பங்குதான் கிடைக்கும், அதனால்தான் சின்னப் போத்தலுக்கு அவ்வளவு விலை. நள்ளிரவில் கையுறையோடு அந்தக் குலைகளைப் பறிப்பவர்கள் விரல் மரத்து நிற்பதைப் பார்த்தவன் நான், விலையைக் குறை சொல்லமாட்டேன். ஆனால் எங்கள் ஆட்கள் இதை வாங்கி விமானத்தில் கொண்டுபோய்க் கொழும்பிலும் சென்னையிலும் அலுமாரிக்குள் காட்சிக்கு வைப்பது சரியில்லை. சூட்டில் கிடந்தால் அது கெடும். குளிரவைத்து, சின்னக் கிளாஸில், நீலப் பூஞ்சணச் சீஸோடு குடித்துப் பாருங்கள். பாயசத்தோடு வேண்டாம், இரண்டும் ஒன்றையொன்று கொன்றுவிடும்.

பறிப்பவர்களைப் பற்றியும் எழுதவேண்டும். ஜமேக்காவிலிருந்து 1966 முதலும் மெக்சிக்கோவிலிருந்து 1974 முதலும் பருவகாலத் தொழிலாளர் திட்டத்தில் ஆட்கள் ஒன்ராரியோவின் பண்ணைகளுக்கு வருகிறார்கள். கவாத்து, கொடி கட்டுதல், இலை கிள்ளுதல், அறுவடை எல்லாம் பெருமளவு அவர்கள் கையில்தான். எட்டு மாதம் வரை குடும்பத்தைப் பிரிந்திருந்து, திரும்பிப்போய், அடுத்த வருடமும் வருவார்கள். ஒரே தோட்டத்துக்கு இருபது வருடத்துக்கு மேல் வருகிறவர்களோடு கதைத்திருக்கிறேன். எந்த வரிசையில் எந்தக் கொடி நோஞ்சான் என்று முதலாளிக்கு முன்னர் அவர்கள் சொல்வார்கள். வைனைப் பற்றி எழுதுகிறவர்கள் வைனரியின் சொந்தக்காரரையும் வைன் செய்பவரையும் மட்டும் எழுதுகிறார்கள். கோப்பை கழுவி வந்த எனக்கு அது உறுத்துகிறது. வைன் மேசைக்கு வரும்போது அதைத் தொட்ட முதல் கை எவருடையது என்று நான் வாடிக்கையாளருக்குச் சொல்வேன்.

2025 மார்ச்சில் ஒன்ராரியோவின் அரசு மதுக்கடைகளான எல்.சி.பி.ஓ. அமெரிக்க மதுவகைகளை அடுக்கிலிருந்து எடுத்துவிட்டது. வரிப்போரின் விளைவு. கலிபோர்னிய வைனே குடித்து வந்த பலர் அப்போதுதான் உள்ளூர் அடுக்குப் பக்கம் வந்தார்கள். என் மேசைகளிலும் இதைக் கண்டேன். "நயாகராவில் ஏதாவது நல்லது இருக்கிறதா?" என்று கேட்டவர்களுக்கு நான் எப்போதும் கொடுத்ததைத்தான் கொடுத்தேன். கோபத்தில் வந்தவர்களில் பலர் சுவைக்காகத் தங்கிவிட்டார்கள். ஒரு பெஞ்ச் ரீஸ்லிங் இருபது டொலர் அளவில் கிடைக்கிறது. அந்த விலைக்கு அந்தத் தரம் உலகத்தில் அதிக இடங்களில் இல்லை என்பதை என் தொழிலின் பெயரால் சொல்கிறேன்.

நயாகரா நீர்வீழ்ச்சிக்கு விருந்தினரைக் கூட்டிப்போகும் வழக்கம் எங்கள் எல்லோர் வீட்டிலும் உண்டு. குயின் எலிசபெத் நெடுஞ்சாலையில் அந்தத் தோட்டங்களைக் கடந்துதான் போகிறீர்கள். அடுத்த முறை 57ஆம் வெளிவழியில் விக்ரோரியா அவெனியூவில் இறங்கி வைன்லண்ட் பக்கம் திரும்புங்கள். செப்ரெம்பர் கடைசியில் போனால் கொடியில் பழம் இருக்கும். சனவரியில் போனால் வைன் செய்பவரே நின்று கதைப்பார். ரீஸ்லிங்கை முதலில் கேளுங்கள், பிறகு கபர்னே பிராங். பிடித்ததில் இரண்டு போத்தல் வாங்கி, ஒன்றை இந்தக் கிழமை நண்டுக்கறியோடு குடியுங்கள், மற்றதை ஐந்து வருடம் வையுங்கள். கார் ஓட்டுகிறவர் சுவைத்துப் பார்த்துத் துப்பிவிடவேண்டும், விழுங்கக்கூடாது. அதற்கென்று ஒரு வாளி கேட்டால் தருவார்கள். நாங்களும் வேலையில் அப்படித்தான் செய்கிறோம்.